குணமாகாத சைரன்

பாட்டு முடிந்துவிட்டது. வாய்கள் மட்டும் இன்னும் பாடிக்கொண்டிருந்தன.

திரையில் நின்கே கேக்குக்கு முன்னால் நாற்காலி மேல் நின்றாள். அன்று அவளுக்கு நாலு வயது. அவள் கன்னம் உப்ப மெழுகுவர்த்தியை ஊதுவதற்குள் கைதட்டல் கேட்டு ஓய்ந்தது. பக்கத்தில் அவள் அப்பா யெல்மர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தபோது, அவர் சொன்னது ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது. அதுவும் தொண்டையில் எலி புகுந்ததுபோல் கீச்சென்று.

"நல்ல டிஸ்க். ஜோக்கைச் சொல்றதுக்கு முன்னாடியே சிரிச்சு முடிச்சுடலாம்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய வீடும் இல்லை அது. பிறந்தநாளுக்குக் கட்டிய காகிதத் தோரணங்கள் ஒரு முனை அவிழ்ந்து இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. கழற்ற வேண்டியவர் யெல்மர். அவர் லேவார்டன் நகரில் காவலில் இருந்தார், கொலைக் குற்றத்துக்காக.

நான் ரின்ஸ். டிஸ்க் வாடகைக் கடை வைத்து, டிஸ்க்குகளுக்கு முன்பே மூழ்கியவன். இப்போது விட்ஸ்கே டெர்ப்ஸ்ட்ராவிடம் உதவியாள். போலீஸில் இருந்து அலுத்துப்போய்த் தனியாகத் துப்பறியும் பெண்மணி அவர். ஞாயிறுகளில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடுவார். நான் ஞாயிறுகளில் தூங்குவேன். இந்த வித்தியாசம் அன்று உதவியது.

"வெள்ளிக்கிழமை கோர்ட்" என்றாள் ஃபெனா, யெல்மரின் மனைவி. முதியோர் இல்லத்தில் நர்ஸ். தூங்காத கண்கள். "இந்த டிஸ்க்கை ஏத்துக்கிட்டா யெல்மர் வீட்டுக்கு வந்துடுவார். இல்லேன்னா விசாரணை முடியற வரைக்கும் உள்ளேதான். சத்தமும் படமும் ஒட்டலை, இதையெல்லாம் சாட்சியா எடுத்துக்க முடியாதுன்னு அரசு வக்கீல் சொல்றார். சரி பண்ணிக் குடுங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

காபி ஊற்றினாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஆளுக்கொன்று நீட்டிவிட்டு மூடினாள். எந்தத் துக்கத்திலும் எங்கள் ஊரில் அந்த மூடி மட்டும் தவறாமல் மூடிவிடும்.

"முதல்லேர்ந்து சொல்லும்மா" என்றார் விட்ஸ்கே.

"ஜூன் மாசம் முதல் திங்கள். நின்கே பொறந்தநாள். நான் வேலைக்குப் போயிட்டேன். பன்னெண்டு மணிக்கு மாசாந்திர சைரன் ஊதும்போது ஷூர்ட் பாலத்தைச் சாத்திட்டுச் சாப்பாட்டுப் பலகையை மாட்டினதை ஒரு படகுக்காரங்க பாத்திருக்காங்க. ஒரு மணிக்கு அடுத்த படகு வந்து ஹாரன் அடிச்சப்போ பாலத்தைத் தூக்க ஆளில்லை."

ஷூர்ட் எங்கள் ஹெல்சும் கால்வாயின் பாலக்காரர், படகு வந்தால் பாலத்தைத் தூக்கி வழிவிடுபவர். மதியம் ஒரு மணி நேரம் பாலம் திறக்காது, ராஜாவே படகில் வந்தாலும். அந்த ஒரு மணி நேரத்துக்குள்தான் யாரோ படகுக் கழியால் அவர் தலையில் அடித்துத் தண்ணீரில் தள்ளியிருந்தார்கள். கழி யெல்மர் ஓட்டும் படகினுடையது. முந்தின வாரம்தான் பாலத்தைத் திறக்காததற்காக யெல்மர் ஊரே கேட்க ஷூர்ட்டோடு சண்டை போட்டிருந்தார். போலீஸுக்கு அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

"அன்னிக்கே தேடலையா?" என்றேன்.

"ஷூர்ட் குடிச்சார்னா நாலு நாள் காணாமப் போறது வழக்கம்தான். யாரும் பெரிசா எடுத்துக்கலை. சனிக்கிழமை மாமா இந்த டிஸ்க்கைக் கொண்டுவந்தார். மிச்சக் கேக்கைச் சாப்பிட்டுக்கிட்டே எல்லாரும் பாத்தோம். குரலைக் கேட்டு யெல்மர் உருண்டு உருண்டு சிரிச்சார்." அவள் தோரணத்தைப் பார்த்தாள். "மறுநாள் காலையில ஷூர்ட்டைத் தண்ணியிலேர்ந்து எடுத்தாங்க. அதுக்கப்புறம் இந்த வீட்ல யாரும் சிரிக்கலை."

மாமா என்றால் பௌவே, யெல்மரின் அப்பா. ஊரில் எல்லோருடைய கல்யாண வீடியோ நாடா, கருமாதி நாடா எல்லாவற்றையும் டிஸ்க்காக மாற்றிக் கொடுப்பவர். மனைவி ஏரியில் மூழ்கிப் போனதிலிருந்து அவருக்குக் கம்ப்யூட்டர்தான் துணை என்று ஊரே உச்சுக்கொட்டும். பிறந்தநாள் படத்தை எடுத்ததும் அவர்தான்.

விட்ஸ்கே படத்தைப் பின்னால் ஓட்டினார். கேக் வருவதற்குச் சற்று முன்னால் ஜன்னலுக்கு வெளியே சைரன் ஏறி, நின்று, இறங்கியது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் யெல்மர் படத்தில் இருந்தார்: கேக் வெட்டினார், பலூன் ஊதினார், மகளுக்குக் குதிரையானார். சைரன் உண்மையென்றால் அவர் அதே நேரத்தில் பாலத்தடியில் இருந்திருக்க முடியாது.

"சைரனுக்கு நின்கே பயப்பட மாட்டாளா?" என்றார் விட்ஸ்கே.

"ரெண்டு காதையும் பொத்திப்பா. அன்னிக்குக் கேக் வருதேன்னு மறந்திருப்பா."

படத்தில் நின்கேயும் நிமிரவில்லை, யெல்மரும் நிமிரவில்லை. அதில் அதிசயம் இல்லை. போர் எச்சரிக்கைச் சோதனை என்று மாதம் தவறாமல் ஊதுகிற சைரனை எங்கள் ஊரில் யாரும் காதில் வாங்குவதில்லை. முதல் திங்கள் பகல் பன்னிரண்டுக்கு உண்மையிலேயே போர் வந்தால் இந்த நாடே சாப்பிட்டுக்கொண்டுதான் சாகும்.

நான் மடிக்கணினியைத் திறந்து டிஸ்க்கிலிருந்த படத்தை இறக்கினேன்.

"நோய் என்ன?" என்றார் விட்ஸ்கே.

"சத்தம் முதல்லேர்ந்தே ஒரே அளவு தள்ளி இருந்தா, இழுத்து வெச்சாப் போதும். சளி மாதிரி. இது அப்படி இல்லை. ஒவ்வொரு பகுதியும் ஆரம்பிக்கறப்போ வாயும் சத்தமும் சேர்ந்துதான் கிளம்புது. போகப் போக சத்தம் முந்துது. கடைசியில சத்தம் தீர்ந்துபோய் ஊமைப்படம். குரலும் கீச்சுன்னு ஏறியிருக்கு. வேகமே தப்பு அம்மணி."

"எப்படித் தப்பும்?"

"கேமரா சத்தத்தை நொடிக்கு இத்தனை துண்டுன்னு ஒரு கணக்குல பதியும். டிஸ்க் வேற கணக்குல கேக்கும். நடுவுல மாத்திக் குடுக்கணும். பெரியவர் மறந்துட்டு அப்படியே ஊத்திட்டார். டிஸ்க் தன் கணக்குலயே வேகமா வாசிச்சுத் தள்ளிடுது."

"எல்லாச் சத்தத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். இதுல வேண்டியவன் வேண்டாதவன் கிடையாது."

விட்ஸ்கே படத்தை இன்னொரு இடத்துக்கு நகர்த்தினார். நின்கே ஒரு பொம்மை வாத்தியத்தைச் சின்னக் கோலால் டங் டங்கென்று தட்டிக்கொண்டிருந்தாள், வண்ணப் பட்டைகள் வரிசையாக அடித்த வாத்தியம்.

"இது வீட்ல இருக்கா?"

ஃபெனா சோபாவுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். விட்ஸ்கே சிவப்புப் பட்டையைத் தட்டினார். திரையிலும் நின்கே சிவப்பைத் தட்டும் இடத்தை ஓட்டினார். திரையில் கேட்டது மேலே இருந்தது. பாட்டுத் தெரியாத எனக்கே தெரிந்தது.

"இது ரெண்டும் ஒண்ணாகிற வரைக்கும் சத்தத்தை மெதுவாக்கு."

கணக்கு எனக்குத் தெரியும். கடை நாட்களில் பாதி வாடிக்கையாளர்கள் இதே நோயோடுதான் வருவார்கள். கேமராவின் கணக்கைச் சொல்லிக் கொடுத்ததும் மடிக்கணினி முக்கி முனகி வேலையில் இறங்கியது. காபி ஆறியது. டப்பா திறக்கவில்லை.

பிறகு ஓடவிட்டேன்.

யெல்மரின் குரல் யெல்மருக்குத் திரும்பி வந்தது. கனமான, சற்றுத் தூக்கம் கலந்த குரல். உதடும் சொல்லும் கைகோத்து நடந்தன. மெழுகுவர்த்தி அணைந்த பிறகு கைதட்டினார்கள். பாட்டும் வாயும் ஒரே நேரத்தில் முடிந்தன. திரையின் சிவப்புப் பட்டையும் கையிலிருந்த சிவப்புப் பட்டையும் அச்சு அசலாக ஒன்று. ஃபெனா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூன்று வாரமாக அந்த வீட்டில் கேட்காத குரல்.

"டாக்டர் ரின்ஸ். பீஸ் ஒரு பிஸ்கட்" என்றேன்.

"ஆரம்பத்துலேர்ந்து போடு" என்றார் விட்ஸ்கே.

போட்டேன். கேக் வருவதற்கு முன்னால், ஜன்னலுக்கு வெளியே, அது வந்தது.

அது சைரனே இல்லை. கன்று ஈன முடியாத மாடு தொழுவத்தில் முனகுவதுபோல் ஒரு சத்தம் அடியிலிருந்து எழுந்து, கனத்து, தள்ளாடி இறங்கியது. நான் பிறந்ததிலிருந்து மாதாமாதம் கேட்ட சைரன். கேட்காமல் கேட்ட சைரன். அதன் குரல் தவறினால் தூக்கத்தில்கூடத் தெரியும்.

மறுபடி போட்டேன், என் மேல் சந்தேகப்பட்டு. மாடு மறுபடி முனகியது.

"மத்ததெல்லாம் குணமாயிடுச்சு" என்றார் விட்ஸ்கே மெல்ல. "சைரன் மட்டும் படுத்துடுச்சு. ஏன் ரின்ஸ்?"

நான் மடிக்கணினியிலிருந்து கையை எடுத்தேன். "ஏன்னா அதுக்கு நோயே இல்லை. எல்லாரும் நனைஞ்ச மழையில அது மட்டும் காஞ்ச சட்டையோட வந்திருக்கு. அதைத் துவட்டப் போய் நான் கெடுத்துட்டேன்."

"அப்படீன்னா?" என்றாள் ஃபெனா.

"அப்படீன்னா அது அந்த மழையில வரலைம்மா" என்றார் விட்ஸ்கே. "கேக் வெட்டினப்போ ஜன்னலுக்கு வெளியே சைரன் ஊதலை. ஊதியிருந்தா அதே கேமராவுல பதிஞ்சு, அதே மாதிரி கெட்டுப்போயிருக்கும். வேற மாசம் வேற எதுலயோ சரியான கணக்குல பதிஞ்ச சைரனைப் பின்னாடி கொண்டுவந்து சேர்த்திருக்காங்க."

ஃபெனா வெளுத்துப்போனாள். பொம்மை வாத்தியத்தின் கோலைக் கையில் வைத்து உருட்டினாள். பிறகு உடைந்தாள்.

"அவர் தூங்கிட்டிருந்தார்" என்றாள். "பால் ஃபாக்டரியில ராத்திரி ஷிப்ட். மதியம் இங்கே தனியாத் தூங்கிட்டிருந்தார். நின்கே காலையிலேர்ந்து மாமா வீட்ல இருந்தா. நாலு மணிக்குத்தான் கூட்டிட்டு வந்து கேக் வெட்டினாங்க. போன வாரம் ஜெயில்ல பாக்கப் போனப்போ காதோட காதாச் சொன்னார். 'அப்பா எனக்காகப் பொய் சொல்லியிருக்கார், ஃபெனா. செத்தாலும் அவரைக் காட்டிக்குடுக்க மாட்டேன்'னார்."

வெளியே ஜூன் வெயில். நாலு மணியும் பன்னிரண்டும் ஒரே முகத்தோடு இருக்கும் மாதம்.

"தூங்கினவனுக்கு எங்கேர்ந்து சாட்சி வரும்?" அவள் என் கையைப் பிடித்தாள். "ரின்ஸ், உங்களால முடியும். சைரனையும் சரி பண்ணிடுங்க. யாருக்கும் தெரியாது. அவர் செய்யலை. சத்தியமாச் செய்யலை."

முடியும். சைரனைத் தனியாக எடுத்து, ஏற்றி, திரும்ப வைக்க வேண்டியதுதான். ஒரு காபி குடிக்கிற நேரம்கூட ஆகாது. ஒரு மனிதன் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து தோரணத்தைக் கழற்றுவான். அது அவ்வளவு சுலபமாக இருந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது. நான் விட்ஸ்கேயைப் பார்த்தேன். முடியாது என்று அவர் சொல்லிவிட்டால் எனக்குச் சௌகரியமாக இருக்கும்.

அவர் அதைச் சொல்லவில்லை. வேறெதையோ யோசித்துக்கொண்டு காபிக் கரண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை பாத்தப்போ இந்த சைரன் இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சு. நாங்க எல்லாரும் எலிக்குரல்ல பேசறப்போ சைரன் மட்டும் ஒழுங்கா ஊதுதுன்னு யெல்மர்கூடக் கிண்டல் பண்ணினார். நாலு மணிக்கு ஏது சைரன்னு அப்போ அவருக்கும் தோணலை."

"ஷூர்ட்டை எடுத்தது?"

"ஞாயித்துக்கிழமை. சொன்னேனே."

கரண்டி நின்றது. "ஃபெனா, நின்கே இப்போ எங்கே?"

"புதன்கிழமையாச்சே. தாத்தா வீட்ல."

விட்ஸ்கே எழுந்து கோட்டைக்கூட எடுக்காமல் வாசலுக்கு நடந்தார். "கார்ல ஏறுங்க. ரெண்டு பேரும்."

காரில் அவர் பேசியது போனில் போலீஸோடு மட்டும்தான். லேவார்டனிலிருந்து வர நேரமாகும் என்றார்கள். ஃபெனா பின் இருக்கையில், "மாமா மேல கேஸ் போடாதீங்க. புள்ளைக்காக எந்த அப்பாவும் செய்யறதுதானே?" என்று கெஞ்சிக்கொண்டே வந்தாள். எனக்கு அதற்குள் பாதி புரிந்திருந்தது. மீதியைப் புரிந்துகொள்ளப் பிடிக்கவில்லை.

பௌவேயின் வீடு கரைமேட்டுக்குக் கீழே. எங்கள் பக்கத்தில் யாரும் பகலில் திரையை இழுத்து மூடுவதில்லை, ஒளிக்க ஒன்றுமில்லை என்று ஊருக்குக் காட்ட. அவரும் மூடவில்லை. பெரிய ஜன்னலுக்குப் பின்னால், கடையில் பொம்மை வைத்ததுபோல், கம்ப்யூட்டர் முன்னால் பௌவே. மடியில் நின்கே. கால்வாய் ஓரத்தில் கட்டியிருந்த, யெல்மர் ஓட்டும் அதே படகு லேசாக ஆடியது.

பூட்டாத பின்கதவு வழியாகப் போனோம்.

"வாங்க வாங்க" என்றார் பௌவே, எழுந்திருக்காமல். நெடிய மனிதர், நிதானமான கைகள். "சரியான நேரத்துக்கு வந்தீங்க. வக்கீல் சொன்ன தப்பைக் கண்டுபிடிச்சுட்டேன். வேகம்தான்."

"அம்மா!" என்றாள் நின்கே. "தாத்தா என் குரலைச் சரி பண்ணிட்டார். இப்போ ஊ-ன்னு கத்தறதைச் சரி பண்றார்."

நான் திரையைப் பார்த்தேன். மேலே நீளமான ஒரு கீற்று: பிறந்தநாளின் சத்தம் முழுவதும். அதற்குக் கீழே தனியாக ஒரு சின்னத் துண்டு. அதன் மேல் அம்புக்குறி நின்றது. கேட்டுப் பார்க்கத் தேவையில்லை. மாட்டைத் திரும்ப சைரனாக்கிக்கொண்டிருந்தார்.

"கைத்திறமை" என்றேன்.

பௌவே ஒரு கணம் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு தோள்களைத் தளர்த்தினார். "சரி. தெரிஞ்சுபோச்சு. யெல்மருக்காகத்தான் செஞ்சேன். என் ஒரே பையன். என்னைப் பிடிச்சுக் குடுக்கறதுன்னா குடுங்க."

"பாத்தீங்களா?" என்றாள் ஃபெனா அழுகையோடு.

விட்ஸ்கே அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. "நீங்க டிஸ்க் குடுத்தது சனிக்கிழமை. அன்னிக்கு ஷூர்ட் எங்கேயோ குடிச்சுட்டுக் கிடக்கிறார்னுதான் ஊரே நினைச்சுது. பொணம் கிடைக்கலை. யெல்மரை யாரும் சந்தேகப்படலை. கொலை நடந்ததே ஒருத்தருக்கும் தெரியாது. அப்போ யெல்மருக்கு எதுக்கு சைரன்?"

பௌவே நின்கேயை மடியில் இன்னும் கொஞ்சம் இழுத்து உட்காரவைத்தார்.

"எல்லாரும் படத்துக்குள்ளே இருந்த ஆளைத்தான் பாத்தோம்" என்றார் விட்ஸ்கே. "கேமராவுக்குப் பின்னாடியும் ஒருத்தர் இருந்தார். அந்த சைரன் அவருக்காக. உங்க மனைவி ஏரிக்குத் தனியாப் படகுல போனாங்கன்னு சொன்னீங்க. படகுல எத்தனை பேர் போனாங்கன்னு பாலத்தைத் தூக்கின ஷூர்ட்டுக்குத்தான் தெரியும்."

"குடிச்சா அவன் வாய் நிக்காது" என்றார் பௌவே. மகனைப் பற்றிப் பேசியபோது இருந்த தளர்ச்சி இப்போது அவர் குரலில் இல்லை. "இத்தனை வருஷம் கழிச்சு அதைப் பேச என்ன அவசியம் அவனுக்கு? ஆனா இதையெல்லாம் நிரூபிக்க முடியாது. அன்னிக்குப் பூரா நான் குழந்தையோட வீட்ல இருந்தேன்."

கை தவறியோ, வேண்டுமென்றோ, அவர் விரல் பொத்தானில் பட்டது. சைரன் ஊதியது. சரியான குரலில், சரியான கனத்தில், பகல் பன்னிரண்டுபோல. நல்ல வேலைக்காரர்.

நின்கே இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். ஓய்ந்ததும் கையை எடுத்துவிட்டு, தப்பைத் திருத்தும் குழந்தையின் கண்டிப்போடு சொன்னாள்:

"தாத்தா, இது கேக் கிட்டே கத்தலை. நாம படகுல இருந்தப்போதானே கத்துச்சு? நீ ஷூர்ட்கிட்டே பேசிட்டு வரேன்னு போனே. என்னை எந்திரிக்காமப் படுத்துக்கச் சொன்னே. நான் காதைப் பொத்திக்கிட்டுப் படுத்திருந்தேன். நீ ரொம்ப நேரம் வரலை."

ஃபெனா இரண்டே எட்டில் போய்க் குழந்தையை அவர் மடியிலிருந்து தூக்கினாள். பௌவே தடுக்கவில்லை. வெறும் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூரத்தில், கரைமேட்டுச் சாலையில், வேறொரு சைரன் வந்துகொண்டிருந்தது. நான் பின்கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன். அன்று முதல்முறையாக எனக்குச் சொல்ல ஒரு ஜோக்கும் இல்லை.

"யெல்மர்கிட்டே நீங்க யாரும் சொல்லாதீங்க" என்றார் பௌவே. "நானே சொல்லிக்கறேன்."

ஃபெனா மகளின் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு திரும்பினாள். இப்போது அவள் அழவில்லை.

"அவர் வெளியே வந்துடுவார், மாமா. வந்ததும் முதல்ல எங்கே போகணும்னு எங்கிட்டே சொல்லியிருக்கார் தெரியுமா?" என்றாள். "உங்களைப் பாத்து நன்றி சொல்ல."